பாறையை உருக்கிய தண்ணீர்

வாசகர் கேள்வி – பதில்: புவியியல்

கண்டத்தின் ஓரத்தில் கடல் தட்டு (கடலடியாக இருக்கும் பெரும் பாறைப் பலகை) கண்டத்துக்கு அடியில் அமிழும்போது எரிமலைப் பாறைகள் என்ன ஆகின்றன என்பது குறித்து வந்த கேள்விகளில் சில இங்கே. பெரும்பாலானவை வட அமெரிக்காவின் மேற்கு ஓரத்தையும், அங்கே இப்போது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்ட ஃபாரலான் தட்டையும் பற்றியவை.

கேள்வி: கடல் தட்டு கண்டத்துக்கு அடியில் நுழையும்போது உரசிச் சூடாகி உருகுகிறது, அந்தக் குழம்புதான் எரிமலையாக வெளிவருகிறது என்று படித்திருக்கிறேன். சரிதானே?

பதில்: பாதிகூடச் சரியில்லை. இந்த விளக்கம் இன்னும் பல பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வருத்தம். உள்ளே போகும் தட்டு சூடான பொருளே அல்ல. பல கோடி ஆண்டுகள் கடலடியில் கிடந்து குளிர்ந்த பாறை அது. 100 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போன பிறகும் அதன் மேற்பரப்பு சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ்தான். உட்பகுதி அதைவிடக் குளிர்ச்சி. சுற்றியுள்ள கவசப் பாறையோடு (மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த அடுக்கு) ஒப்பிட்டால், உலைக்குள் செருகிய பச்சை விறகு மாதிரி.

உருகுவது தட்டு அல்ல, அதற்கு மேலே ஆப்பு வடிவில் இருக்கும் கவசம். உருக்குவது தண்ணீர். புதிய கடல்தரை உருவாகும் நடுக்கடல் முகட்டில் பிறந்த நாளிலிருந்து கடல் மேலோட்டின் விரிசல்களில் கடல்நீர் புகுந்துகொண்டே இருக்கிறது. அந்த நீர் ஈரமாகத் தங்குவதில்லை. கனிமத்தின் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. செர்பென்டைன் என்ற பச்சைக் கனிமத்தின் எடையில் சுமார் 13 சதவீதம் தண்ணீர். ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் ஏற, இந்தக் கனிமங்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து நீரை விடுகின்றன. செர்பென்டைன் 600, 700 டிகிரியிலேயே கைவிட்டுவிடும்.

விட்ட நீர் மேலே கவசத்துக்குள் ஏறுகிறது. 100 கிலோமீட்டர் ஆழத்தில் உலர்ந்த கவசப் பாறை உருகத் தொடங்க 1,450 டிகிரிக்கு மேல் வேண்டும். நீர் கலந்துவிட்டால் 1,000 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். ஆப்பின் நடுப்பகுதியில் ஏற்கெனவே 1,200, 1,300 டிகிரி இருக்கிறது. ஆக, யாரும் சூடேற்றவில்லை. உருகுநிலைதான் கீழே இறங்கியது. பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் நடப்பதும் இதுவே. எரிமலை வரிசைகள் பெரும்பாலும் தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே நிற்பதும் இதனால்தான்.

சாட்சியும் உண்டு. பெரிலியம்-10 என்ற ஐசோடோப்பு, காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகி, மழையோடு இறங்கிக் கடலடி வண்டலில் சேர்கிறது. அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுகள். பூமியின் ஆழத்தில் அது இருக்கவே கூடாது. ஆனால் நிகராகுவா, அலூஷியன் எரிமலைகளின் புதிய லாவாவில் அது இருக்கிறது. கடலடிச் சேறு உள்ளே போய், அந்த ஐசோடோப்பு அழிந்து தீர்வதற்குள், அதாவது ஒரு கோடி ஆண்டுக்குள், எரிமலை வழியே திரும்பிவிட்டது என்று அர்த்தம். தட்டே உருகுவது அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மிக இளைய, இன்னும் சூடாறாத தட்டு அமிழும் இடங்களில் அதுவும் கொஞ்சம் உருகும். அடாகைட் என்ற பாறை வகையை அப்படித்தான் முதலில் விளக்கினார்கள். ஆனால் அது விதிவிலக்கு.

கேள்வி: கவசம் உருகினால் பசால்ட்தானே வர வேண்டும்? கண்ட ஓரங்களில் மட்டும் ஆண்டிசைட் ஏன் இவ்வளவு?

பதில்: நல்ல கேள்வி. கவசத்திலிருந்து புறப்படும்போது அது பசால்ட்தான். பாறையின் பெயர் அதிலுள்ள சிலிக்காவின் அளவைப் பொறுத்தது: 45 முதல் 52 சதவீதம் வரை பசால்ட். 57 முதல் 63 வரை ஆண்டிசைட். நடுவில் இருப்பது பசால்ட் வகை ஆண்டிசைட். 63-ஐத் தாண்டினால் டேசைட், பிறகு ரயோலைட். ஆண்டிஸ் மலைத்தொடரின் பெயர்தான் ஆண்டிசைட்டுக்கு.

வழியில் இரண்டு காரியம் நடக்கிறது. கண்ட மேலோடு தடிமனானது, அடர்த்தி குறைந்தது. மேலேறும் பசால்ட் குழம்பு அதன் அடியில் தங்கி ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த ஒலிவின், பைராக்சீன் படிகங்கள் முதலில் உறைந்து பிரிகின்றன. எஞ்சும் குழம்பில் சிலிக்காவின் பங்கு ஏறுகிறது. இது ஒன்று. தங்கியிருக்கும் வேளையில் சுற்றுப் பாறையையும் உருக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இது இரண்டு.

இரண்டும் கண்ணெதிரே நடந்த இடம் மெக்சிகோவின் பரிகுட்டின். 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு சோளக்காட்டில் பிளவு திறந்து எரிமலை முளைத்தது, 1952-இல் அடங்கியது. தொடக்க லாவாவில் சிலிக்கா சுமார் 55 சதவீதம். ஒன்பது ஆண்டுகளில் அது 60 வரை ஏறியது. லாவாவை உடைத்தால் உள்ளே பாதி உருகிய, நுரைத்த கிரானைட் துண்டுகள். ஓர் எரிமலையின் வாழ்நாளுக்குள்ளேயே பசால்ட் வகை ஆண்டிசைட் முழு ஆண்டிசைட்டாக மாறியதை ஆண்டுவாரியாக மாதிரி எடுத்துப் பதிந்திருக்கிறார்கள். அங்கே அமிழ்வது கோகோஸ் தட்டு. அதுவும் ஃபாரலானின் உடைந்த துண்டே.

கையில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சாம்பல் நிறப் பாறையில் வெள்ளைச் செவ்வகங்களாகப் பிளேஜியோகிளேஸ் படிகங்கள், இடையே கருப்பாக, நீளமாக, பளபளக்கும் ஹார்ன்பிளெண்ட் தெரிந்தால் பத்து மடங்கு கைலென்சை அதன்மேல் வையுங்கள். ஹார்ன்பிளெண்ட் தன் படிகத்தில் நீரைக் கொண்ட கனிமம். குழம்பில் ஏறக்குறைய 3, 4 சதவீதம் நீர் இல்லாமல் அது உருவாகாது. நடுக்கடல் முகட்டு பசால்ட்டில் நீர் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே. படிகம் விளிம்பில் கருகி, கருப்புத் தூளாகச் சிதைந்திருந்தால் குழம்பு மெதுவாக ஏறி வழியிலேயே நீரை இழந்திருக்கிறது.

கேள்வி: ஃபாரலான் தட்டு மொத்தமும் உள்ளே போய்விட்டது என்கிறார்கள். இல்லாத ஒன்று இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: மொத்தமும் போகவில்லை. ஹுவான் டி ஃபூகா, ரிவேரா, கோகோஸ், நாஸ்கா என்று துண்டுகள் மிச்சம். பெயர் சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே கடலில் இருக்கும் ஃபாரலான் தீவுகளிலிருந்து வந்தது.

முதல் சாட்சி பசிபிக் தரையின் காந்தப் பட்டைகள், அதாவது தரை உறைந்த காலத்துப் பூமியின் காந்தத் திசையைப் பதிந்து வைத்திருக்கும் பட்டைகள். முகட்டின் இரு பக்கமும் பட்டைகள் கண்ணாடிப் பிம்பம்போல் இணையாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவுக்கு எதிரே மேற்குப் பாதி மட்டும் இருக்கிறது. கிழக்குப் பாதியைக் காணோம். போன இடம் கண்டத்துக்கு அடியில்தான். 1970-இல் புவியியலாளர் டான்யா அட்வாட்டர் இந்தப் பட்டைகளை வைத்துத்தான் மேற்கு அமெரிக்காவின் அண்மைக்கால வரலாற்றைத் திருப்பி எழுதினார். 1990-களில் நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமியை ஊடுகதிர்ப் படம்போல் எடுத்தபோது, வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்குக் கீழே, கீழ்க் கவசத்தில், அலைகள் வேகமாக ஓடும் குளிர்ந்த பலகை ஒன்று தெரிந்தது. அதுதான் ஃபாரலான்.

ஆனால் பாறை படிக்கிறவர்களுக்கு நெருக்கமான சாட்சி கலிபோர்னியாவின் நிலமே. மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பட்டைகளைக் கடக்க வேண்டும். கடலோரத்தில் பிரான்சிஸ்கன் தொகுதி: தட்டின் முதுகிலிருந்து வழித்தெடுத்த வண்டல், செர்ட் என்ற சிலிக்காக் கல், கடலடி பசால்ட் எல்லாம் நொறுங்கிக் கலந்த குவியல். அதற்குள் நீலநிறக் கல் கிடைக்கும். நீலத்துக்குக் காரணம் கிளாக்கோபேன். சுமார் 25 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தம் பட்ட கல், ஆனால் வெப்பம் 300 டிகிரியை ஒட்டியே நின்றிருக்கிறது. சாதாரண மேலோட்டில் அந்த ஆழத்துக்கு 600 டிகிரி இருக்கும். சூடேறுவதற்குள் வேகமாக உள்ளே இழுக்கப்பட்டால் ஒழிய இந்தக் கணக்கு வராது. எடையில் 11 சதவீதம் நீர் சுமக்கும் லாசனைட் என்ற கனிமத்தை 1895-இல் முதன்முதலாக விவரித்ததும் இந்தப் பட்டையில், டிபுரான் தீபகற்பத்திலிருந்துதான்.

நடுவில் பெரும் பள்ளத்தாக்கு: மலைகளிலிருந்து அரித்து வந்த மணற்கற்கள், கிலோமீட்டர் கணக்கில் தடிமன். கிழக்கே சியரா நெவாடா: கிரானைட். குவியல், பள்ளம், எரிமலை வரிசை என்ற இந்த அடுக்கு இன்றைய அமிழ்வு மண்டலங்களில் அப்படியே இருக்கிறது. 1969-இல் புவியியலாளர் வாரன் ஹாமில்டன் கலிபோர்னியாவின் கிரானைட்டுகளை அமிழ்வோடு இணைத்துச் சொன்னபோது அது துணிச்சலான கருத்து, இன்று பாலபாடம்.

கேள்வி: சியரா நெவாடாவில் இருப்பது கிரானைட். எரிமலைப் பாறை எங்கே?

பதில்: அரித்துப் போய்விட்டது. இன்று நாம் பார்ப்பது எரிமலைகளின் அடிவயிறு, பல கிலோமீட்டர் ஆழத்தில் மெதுவாக உறைந்த குழம்பு. பெரும்பகுதி சுமார் 12 கோடி முதல் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்தது. மேலிருந்த லாவா சில இடங்களில் கிரானைட்டுக்குள் தொங்கும் துண்டுகளாகத் தப்பியிருக்கிறது. ரிட்டர் மலைத்தொடரில் சுமார் 10 கோடி ஆண்டு வயதுள்ள இடிந்து விழுந்த எரிமலைவாய் ஒன்றின் உட்புறமே வெட்டுமுகமாக நிற்கிறது. மீதியைப் பெரும் பள்ளத்தாக்கின் மணற்கல்லில் தேட வேண்டும். அங்கே கண்ணாடிச் சில்லும் எரிமலைத் துண்டுகளும் கீழ் அடுக்குகளில் அதிகம். மேலே போகப் போகக் கிரானைட் மணல் கூடுகிறது. மலை உரிந்த வரிசையே தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: கொலராடோ மாநிலம் கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கேயும் அமிழ்வு எரிமலைப் பாறைகள் என்கிறார்களே, எப்படி?

பதில்: தட்டு சாய்வாக இறங்காமல் படுத்துக்கொண்டதுதான் காரணம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் சியராவில் எரிமலைகள் அணைந்தன. தட்டு கண்டத்தின் அடிப்பகுதியை ஒட்டிக் கிடையாகச் சென்றால், நடுவில் சூடான ஆப்பு பிதுங்கி வெளியேறிவிடும். நீர் வந்தாலும் உருக எதுவும் இருக்காது. இன்று மத்திய சிலியின் ஒரு பகுதியில் நாஸ்கா தட்டு இப்படித்தான் படுத்திருக்கிறது. அங்கே மேலே எரிமலை இல்லை. அரிசோனாவின் பெரும் செப்புப் படிவுகள் பலவும் இந்த எரிமலை வரிசை உள்நாட்டுக்கு நகர்ந்த 7.5 கோடி முதல் 5 கோடி ஆண்டு இடைவெளியில் உண்டானவை. நீர் மிகுந்த குழம்பு ஆறும்போது வெளியேறும் சூடான உப்புநீரே செம்பைக் கொண்டுவந்து சேர்த்தது.

பிறகு தட்டு உரிந்து கீழே விழுந்தது. அது பல கோடி ஆண்டுகளாக நீரூட்டி வைத்திருந்த கண்ட அடிப்பகுதி, திடீரெனச் சூடான கவசத்தைச் சந்தித்தது. விளைவு மிகப் பெரியது. கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் லா கரிட்டா எரிமலைவாய் சுமார் 2.82 கோடி ஆண்டுகளுக்கு முன் கக்கிய ஃபிஷ் கேன்யன் சாம்பல்பாறை ஏறக்குறைய 5,000 கன கிலோமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க, 7,700 ஆண்டுகளுக்கு முன் ஓரிகனில் கிரேட்டர் ஏரியை உண்டாக்கிய மசாமா வெடிப்பு சுமார் 50 கன கிலோமீட்டர். ஃபிஷ் கேன்யனின் சானிடைன் படிகம் இன்று உலகெங்கும் ஆர்கான் வயதுக் கணிப்புக்கு அளவுகோலாகப் பயன்படுகிறது.

கேள்வி: மேற்கு ஓரத்தின் கேஸ்கேட் எரிமலை வரிசை வட கலிபோர்னியாவின் லாசென் எரிமலையோடு நின்றுவிடுவது ஏன்?

பதில்: அதற்குத் தெற்கே அமிழத் தட்டு இல்லை. ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் நடுக்கடல் முகடே தட்டு உள்ளே இறங்கும் கடல் அகழியை வந்து தொட்டது. தொட்ட இடத்தில் அமிழ்வு நின்று, பக்கவாட்டில் உரசிச் செல்லும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு பிறந்தது. அதன் வடமுனை, மென்டோசினோ முனை, வடக்கே நகர நகர எரிமலை வரிசையின் தெற்கு நுனி அணைந்துகொண்டே வருகிறது. பின்னால் விட்ட இடைவெளி வழியே கவசம் மேலெழுந்து சிறு எரிமலைகளை உண்டாக்கியது. அவை வடக்கே போகப் போக இளமையாகின்றன: சான் பிரான்சிஸ்கோ அருகே பெர்க்லி குன்றுகள் சுமார் 1 கோடி ஆண்டு, சோனோமா அதைவிடக் குறைவு, கிளியர் லேக் 20 லட்சத்துக்குள்.

கேள்வி: கொலம்பியா ஆற்றுப் பசால்ட்டும் அதே ஓரம்தானே? அதுவும் அமிழ்வா?

பதில்: இல்லை. சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பிளவு வழிப் பெருக்கு அது. அளவு இரண்டு லட்சம் கன கிலோமீட்டர். ஒரே ஓரத்தில் இருப்பதால் ஒரே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: முதுநிலை மாணவன். பழைய எரிமலைப் பாறை மாதிரிகளின் வேதியியல் கையில் இருக்கிறது. தனிமங்களின் அளவை வரிசையாக வரைந்தால் நியோபியம் பக்கத்துத் தனிமங்களைவிடத் தாழ்ந்து, ‘நியோபியம் பள்ளம்’ தெளிவாக விழுகிறது. ‘அமிழ்வு வரிசை’ என்று எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நியோபியம் பள்ளம் அமிழ்வின் முத்திரை என்பது உண்மை. நீரில் கரையும் பேரியம், ருபீடியம், ஈயம், ஸ்ட்ரான்ஷியம் தட்டிலிருந்து மேலே போகின்றன. நியோபியமும் டான்டலமும் நீரோடு எளிதில் நகராமல், ரூட்டைல் போன்ற கனிமங்களில் பிடிபட்டு உள்ளேயே நின்றுவிடுகின்றன. சிக்கல் என்னவென்றால் கண்ட மேலோடே பழைய அமிழ்வுகளால் கட்டப்பட்டது. நியோபியம்–லாந்தனம் விகிதம் நடுக்கடல் பசால்ட்டில் ஏறக்குறைய 1, அமிழ்வுப் பசால்ட்டில் பொதுவாக 0.5-க்குக் கீழே, கண்ட மேலோட்டின் சராசரியும் 0.4. அமிழ்வே தெரியாத ஒரு பசால்ட் குழம்பு மேலோட்டை விழுங்கிவிட்டு வந்தாலும் அதே பள்ளம் விழும்.

முதலில் மாதிரிகளைச் சந்தேகியுங்கள். எரிப்பு இழப்பு (சுடும்போது குறையும் எடை) 3 சதவீதத்தைத் தாண்டிய மாதிரியில் பொட்டாசியம், சோடியம், ருபீடியம், பேரியம் எதையும் நம்ப வேண்டாம். பழைய கடலடி லாவாவில் பிளேஜியோகிளேஸ் முழுக்கச் சோடியம் மிகுந்த அல்பைட்டாக மாறியிருக்கும். சோடியம் உயர்ந்து பாறையின் பெயரே தப்பாகிவிடும். டைட்டானியம், சிர்கோனியம், இட்ரியம், தோரியம், அருமண் தனிமங்கள் ஓரளவு நகராதவை, அவற்றில் நில்லுங்கள். 0.03 மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய சீவல் செய்து நுண்ணோக்கியில் பார்க்காமல் எந்த மாதிரியையும் பொடியாக்க அனுப்பாதீர்கள். குளோரைட்டும் எபிடோட்டும் கால்சைட் நிரம்பிய குமிழ்களும் தெரிந்தால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடலாம்.

பிறகு ஆய்வகத்தைக் கேளுங்கள். எந்த அரவையில் பொடித்தார்கள்? டங்ஸ்டன் கார்பைடு என்றால் டங்ஸ்டன், கோபால்ட்டோடு டான்டலமும் கலப்படமாக ஏறும், நியோபியமும் சிறிதளவு. டான்டலம் உயர்ந்தால் பள்ளத்தின் ஆழம் குறைந்து தெரியும், நியோபியம்–டான்டலம் விகிதமும் கெடும். அகேட் அரவை மெதுவானது, ஆனால் சுத்தம். எப்படிக் கரைத்தார்கள்? சூடான தட்டில் அமிலத்தில் மட்டும் கரைத்திருந்தால் சிர்க்கான் படிகம் கரையாமல் அடியில் தங்கும். டேசைட், ரயோலைட்டில் சிர்கோனியமும் கனத்த அருமண்களும் குறைவாக வரும். லித்தியம் போரேட்டோடு உருக்கிக் கரைத்த முடிவுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் தப்பிய மாதிரிகளில் மக்னீசியம் ஆக்சைடு 6 சதவீதத்துக்கு மேலுள்ள பசால்ட்டுகளைத் தனியே எடுங்கள். ரயோலைட்டில் நியோபியம் பள்ளம் எதையும் நிரூபிக்காது. பசால்ட்டுகளிலேயே பள்ளம் இருந்து, சிலிக்கா ஏற ஏற அது ஆழமாகாமல் நின்றால், மூலத்திலேயே வந்தது என்று சொல்லலாம். சிலிக்காவோடும் தொடக்க ஸ்ட்ரான்ஷியம் விகிதத்தோடும் (பாறை உறைந்தபோது இருந்த ஸ்ட்ரான்ஷியம் 87/86 ஐசோடோப்பு விகிதம்) சேர்ந்து ஆழமானால் மேலோட்டுக் கலப்பு. மேற்கு அமெரிக்காவில் தொடக்க ஸ்ட்ரான்ஷியம் 87/86 விகிதம் 0.706 என்ற கோட்டைப் படமாக வரைந்து, அதற்குக் கிழக்கே பழைய கண்ட மேலோடு, மேற்கே பின்னால் வந்து ஒட்டிய கடல்தரை என்று பிரித்திருக்கிறார்கள். ஒரே எரிமலை வரிசையானாலும் கோட்டுக்கு எந்தப் பக்கம் ஏறியது என்பதைப் பொறுத்து பாறையின் விகிதம் மாறுகிறது.

மூலத்திலேயே வந்தது என்று முடிவானாலும் ‘அப்போது அமிழ்வு நடந்தது’ என்று ஆகாது. அமிழ்வு நின்று பல லட்சம், சில கோடி ஆண்டுகள் கழித்தும் நீரூறிய கண்ட அடிப்பகுதி உருகி அதே முத்திரையோடு லாவா தரும். நெவாடாவில் அப்படிப்பட்ட லாவா உண்டு. அதனால் வேதியியலைத் தனியாக நிற்க விடாதீர்கள். பாறைகள் ஒரு கோட்டில் அமைந்திருக்கின்றனவா? கடல் பக்கம் அதே வயதில் நீலக்கல்லோ நொறுங்கிய குவியலோ உண்டா? இரண்டும் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘அமிழ்வு முத்திரை உள்ள’ என்ற சொல்லோடு நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரே லாவாவுக்கு பொட்டாசியம்–ஆர்கான் முறையில் ஒரு வயதும், சிர்க்கான் முறையில் அதைவிடக் கூடுதலாக ஒரு வயதும் வந்திருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தவறாகவும் இருக்கலாம். பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கான் வாயு, பின்னால் கிரானைட் ஏதாவது அருகே ஊடுருவிச் சூடேற்றினால், கருப்பு மைக்காவிலிருந்து 300 டிகிரியை ஒட்டியே கசியத் தொடங்கும். அப்போது கிடைப்பது லாவாவின் வயது அல்ல, சூடு ஆறிய வயது. சிர்க்கான், யுரேனியம் சிதைந்து தனக்குள் உண்டான ஈயத்தை 900 டிகிரிக்கு மேலும் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அது பழைய பாறையிலிருந்து விழுங்கப்பட்ட படிகமாகவும் இருக்கலாம். கண்ட ஓரத்தில் இது அன்றாடம்.

செய்ய வேண்டியது: சிர்க்கானை எலக்ட்ரான் கற்றையில் ஒளிரவைத்துப் படமெடுங்கள். நடுவில் உருண்டு தேய்ந்த கரு, சுற்றிலும் கோடுகோடாக வளர்ந்த விளிம்பு தெரிந்தால் கருவை விட்டு விளிம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். மிக இளைய ஒற்றைப் படிகத்தை வயதாக எடுக்காதீர்கள். ஈயம் இழந்த படிகமும் இளமையாகவே தோன்றும். 900 டிகிரியில் இரண்டு நாள் சுட்டு, பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் சேதமடைந்த பகுதிகளை மட்டும் கரைத்தெடுக்கும் முறை அந்தப் பிழையைப் பெரிதும் குறைக்கும். ஒன்றோடொன்று பொருந்தும் பல படிகங்களின் குழுவே வயது. ரயோலைட்டில் சில கிலோ கல்லே போதும். ஆண்டிசைட்டில் பத்துக் கிலோவுக்கு மேல் எடுத்து வாருங்கள். பசால்ட்டில் சிர்க்கான் பெரும்பாலும் கிடைக்காது; கண்ணாடி இல்லாத, நன்கு படிகமான நுண்மணிப் பகுதியை (பெரிய படிகங்களுக்கு இடையே இருப்பது) பிரித்து ஆர்கான்–ஆர்கான் முறைக்கு, படிப்படியாகச் சூடேற்றி அளக்கச் சொல்லி அனுப்புங்கள். படிகள் ஒரே வயதில் சமதளமாக வராவிட்டால் அந்த எண்ணை வெளியிட வேண்டாம்.